விறைப்பு மாத்திரையும் விந்து முந்துதலும்

விந்து முந்துதலுக்கான நவீன சிகிச்சை பயிற்சியில் தொடங்கியது. 1956இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் சீமன்ஸ், உச்சம் நெருங்கும்போது தூண்டலை நிறுத்தி, உணர்வு தணிந்தபின் தொடரும் முறையை விளக்கினார். பின்னர் மனச்சோர்வு மருந்துகள் விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்துவது தெரியவந்தது. 1994இல் பராக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து பற்றிய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. இதே நோக்கத்துக்கான மருந்தாக டபாக்ஸெடின் 2009இல் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் அனுமதி பெற்றது.

தமிழ்நாட்டில் வெட்கம் பலரை லாட்ஜ் வைத்தியர்களிடம் அனுப்பியது. பாலுறவு ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும், இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன லாட்ஜில் வைத்தியர் இருப்பார் என்ற அறிவிப்புகள் ஓயவில்லை.

1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விறைப்பு மாத்திரை சில்டெனாஃபில் புது நம்பிக்கை தந்தது. ஆனால் அது ஆணுறுப்புக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மருந்து. விந்து வெளியேறும் வேகத்தை ஆள்வதில் மூளையின் செரடோனினுக்குப் பெரும்பங்கு உண்டு. இருந்தாலும், விறைப்பு தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அவசரப்படுவோருக்கு சில்டெனாஃபில் உதவும். அதனால் இரு குறைகளும் சேர்ந்திருந்தால் முதலில் விறைப்புக் குறைபாட்டைக் கவனிப்பதே வழக்கம். விறைப்பு சரியாக உள்ளவருக்கு இந்த மாத்திரையால் பெரிய பலனில்லை.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொல்லி, சர்க்கரை நோயோ இதய நோயோ உண்டா என்று பார்த்தபின் மருந்து எடுப்பதே பாதுகாப்பு.