ராக்கியும் பட்டைச் சாராயமும்

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் இஸ்தான்புல் போய்ட்டு வரும்போது ஒரு ராக்கி பாட்டில் வாங்கிட்டு வந்தார். கண்ணாடி மாதிரி இருந்த சரக்கு, தண்ணி ஊத்தினதும் பால் மாதிரி வெள்ளையாயிடுச்சு. மோந்து பார்த்தா... அம்மா குருமாவுக்குத் தாளிக்கிற சோம்பு வாசனை! துருக்கிக்காரங்க இதைச் செல்லமா 'சிங்கப்பால்'னு சொல்வாங்களாம்.

நம்ம சோம்பு வேற, இதுல போடற அனிஸ் விதை வேற. பிரியாணிக்குப் போடற அன்னாசிப்பூ மூணாவது செடி. ஆனா மூணுலயும் இருக்கற வாசனை எண்ணெய் ஒண்ணுதான்: அனெத்தோல். அது ஆல்கஹால்ல கரையும், தண்ணில கரையாது. தண்ணி சேர்த்ததும் குட்டிக்குட்டித் துளியா பிரிஞ்சு நிக்கும். வெள்ளை நிறத்தோட ரகசியம் அவ்வளவுதான்.

லெபனான்ல இதுக்குப் பேர் அரக். அதுவும் ராக்கியும் திராட்சைச் சாராயத்தை அனிஸ் விதையோட மறுபடி காய்ச்சி எடுக்கறது. கிரேக்கத்துல ஊசோ. பிரான்ஸ் கதை சுவாரஸ்யமானது. 1915ல அப்சிந்த்தைத் தடை பண்ணினாங்க. அந்த இடத்தைப் பிடிக்க வந்தது, அதிமதுரம் சேர்த்த பாஸ்டிஸ். 1932ல மார்செய்ல பால் ரிக்கார் தன் பேர்லயே அதை விக்க ஆரம்பிச்சார்.

சரி, தர்மபுரிக்காரனுக்கு இதுல என்ன வேலை? அரக்னா அரபியில வியர்வைன்னு அர்த்தம். சொட்டுச் சொட்டா வடியறதால வந்த பேர். நம்ம ஊர்ச் சாராயத்துக்கு வெள்ளைக்காரன் எழுதி வச்ச 'அராக்'கும் அதே சொல்தான். எங்க பக்கம் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறப்போட்டுக் காய்ச்சினது பட்டைச் சாராயம். தாத்தா அதைப் பத்திப் பேசினா பாட்டி எழுந்து உள்ளே போயிடுவாங்க.

1937 அக்டோபர் 1. ராஜாஜி மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்தது சேலம் மாவட்டத்துல. தர்மபுரி அப்போ அதுக்குள்ளதான் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 1965ல). போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல விற்பனை வரி போட்டார். 1971ல மதுவிலக்கைத் தளர்த்தினாங்க, மறுபடி மூடினாங்க, 1981ல திறந்தாங்க. மது திரும்பி வந்தது, வரி மட்டும் போகவே இல்லை :-)

1987ல சாராயக் கடைகளை மூடினாங்க. 2003ல இருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில. அங்க பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும். பட்டைச் சாராயத்துக்கு மட்டும் சட்டப்படி ஒரு பாட்டில், ஒரு லேபிள் கிடைக்கலை. அது காட்டுக்குள்ள போச்சு. அதே பேர்ல மெத்தனால் வந்தது. 2008 மே மாசம் கிருஷ்ணகிரி மாவட்டத்துலயும் பக்கத்துக் கர்நாடகத்துலயும் 150 பேருக்கு மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல.

நிறத்தையும் வாசனையையும் வச்சு மெத்தனாலைக் கண்டுபிடிச்சுடலாம்னு நினைக்காதீங்க. 2005ல துருக்கியிலயே போலி ராக்கி குடிச்சு 20 பேர் வரை செத்தாங்க. அதுலயும் சோம்பு வாசனை இருந்திருக்கும். காப்பாத்தறது மூக்கு இல்லை, யார் காய்ச்சினாங்கன்னு கேட்டா பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கறதுதான்.

எங்க தெருவுல கண்ணு போன ஒருத்தர் இருந்தார். திண்ணையில உக்காந்து, காலடிச் சத்தத்தை வச்சே எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எதைக் குடிச்சார்னு அவருக்கே தெரியாது. அந்தப் பால் கலர் கிளாஸைப் பார்த்தப்போ எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லும் பதிவு இல்லை. உங்க ஊர்ல 'பட்டை'க்கு என்ன பேர்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.