குப்பை மேட்டின் வரலாறு: ரோமில் இருந்து கொடுங்கையூர் வரை

வேற்றுக்கிரகம் மாதிரி இருக்கும் இடங்களைப் பார்க்க மக்கள் லட்சக்கணக்கில் செலவு செய்து போகிறார்கள். உப்புப் பாலைவனம், எரிமலை வாய், கைவிடப்பட்ட சுரங்கத் தீவு. சிலது இயற்கை செய்தது, சிலது மனுஷன் செய்தது. இந்த இரண்டாவது வகையில் ஒன்று எங்கள் ஏரியாவிலேயே இருக்கிறது: கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. 300 ஏக்கருக்கும் மேல் பரப்பு. தட்டையான வடசென்னையில் திடீரென்று எழும்பி நிற்கும் ஒரு மலை. இதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வருவதில்லை.

ஆனால் ரோம் நகரத்தில் ஒரு குப்பை மேட்டைப் பார்க்க வருகிறார்கள். அதன் பெயர் மோன்தே தெஸ்தாச்சோ. உயரம் சுமார் 35 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். புல் முளைத்த சாதாரணக் குன்று போலத்தான் தெரியும். உள்ளே இருப்பது முழுக்க உடைந்த மண் ஜாடிகள். 5 கோடிக்கும் மேல் ஜாடிகள் இருக்கும் என்பது அறிஞர்களின் கணிப்பு.

இவை ஆலிவ் எண்ணெய் வந்த ஆம்போரா ஜாடிகள். பெரும்பாலும் தெற்கு ஸ்பெயினில் இருந்து கப்பலில் வந்தவை. ஒரு ஜாடியில் சுமார் 70 லிட்டர் எண்ணெய் பிடிக்கும், காலி ஜாடியே ஏறத்தாழ 30 கிலோ எடை. எண்ணெய் மண்ணில் ஊறிச் சிக்குவாடை அடிப்பதால் திரும்பப் பயன்படுத்த முடியாது. அதனால் டைபர் ஆற்றுத் துறைக்குப் பக்கத்திலேயே உடைத்துப் போட்டார்கள். சும்மா கொட்டவில்லை. படிப்படியாக அடுக்கி, நாற்றம் போக சுண்ணாம்பு தூவியிருக்கிறார்கள். கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் இந்த மேடு பெரும்பாலும் வளர்ந்தது.

1870-களில் ஹைன்ரிக் டிரெஸல் என்ற ஜெர்மானிய அறிஞர் இந்த ஓடுகளைப் படிக்க ஆரம்பித்தார். ஆம், படிக்க. ஜாடிகள் மேல் மையால் எழுத்துகள் இருந்தன: எடை எவ்வளவு, வியாபாரி யார், எந்த ஊரில் சரிபார்க்கப்பட்டது, எந்த ஆண்டு. என் தொழில் மென்பொருள் என்பதால் எனக்கு இது அப்படியே ஒரு லாக் ஃபைல் மாதிரி தெரிகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் தேதி முத்திரை உண்டு. ரோமின் எண்ணெய் வணிகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அரசவைப் புலவர்கள் எழுதிச் சொன்னதல்ல, இந்தக் குப்பை சொன்னது.

நம்ம பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு. கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் பழங்காலச் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஹம்பி பக்கம் நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை, ராமாயண வாலியைத் தகனம் செய்த இடம் என்று ஊர் மக்கள் சொல்வார்கள். 1863-ல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்த மேடுகள் எரிந்த மாட்டுச் சாணம் என்று கருதினார். 1957-ல் உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் அகழாய்வு செய்தபோது, பட்டி அடைத்த கம்புக் குழிகளோடு மாட்டுக் குளம்புத் தடங்களும் கிடைத்தன. தேவலோகக் கதையாக இருந்தது, மாடு மேய்த்தவர்களின் வரலாறாக மாறியது.

அப்போ நம் காலத்துக் குப்பை? அதையும் ஒருவர் தோண்டிப் பார்த்தார். அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜி என்ற தொல்லியலாளர் 1973-ல் 'குப்பைத் திட்டம்' தொடங்கினார். பிறகு நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ் உட்படப் பல கிடங்குகளைத் துளையிட்டு ஆராய்ந்தார். குழந்தைகள் டயப்பர், ஃபோம், துரித உணவு உறைகள்தான் கிடங்கை நிரப்புகின்றன என்று அமெரிக்கர்கள் நம்பினார்கள். தோண்டினால் இவை மூன்றும் சேர்ந்தே சுமார் 3 சதவீதம்தான். 40 சதவீதத்துக்கும் மேல் காகிதம். பல பத்தாண்டு பழைய செய்தித்தாளை எடுத்துப் படிக்கவே முடிந்தது. மட்கிவிடும் என்று நினைத்தது மட்கவில்லை.

சரி, கொடுங்கையூருக்கு வருவோம். ரோமானியர் போட்டது ஒரே வகைப் பொருள், அதுவும் சுட்ட மண். அதனால்தான் பிற்காலத்தில் அந்த மேட்டுக்குள் குடைந்து ஒயின் நிலவறைகள் கட்ட முடிந்தது. நம் மேட்டில் சாப்பாட்டு மிச்சம், பிளாஸ்டிக், பேட்டரி, கட்டட இடிபாடு எல்லாம் கலந்தே கிடக்கிறது. கலந்த குப்பைக்குள் மீத்தேன் உருவாகும், தீப்பிடிக்கும், கசியும் கழிவுநீர் நிலத்தடிக்குப் போகும். பிரித்துப் போடுவதும் கலந்து போடுவதும்தான் இந்த இரண்டு மேடுகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

இந்த மேடு போகவேண்டும், அதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பெருங்குடி போலவே இங்கேயும் பயோமைனிங் முறையில் பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. அகற்றவேண்டியது 60 லட்சம் டன்னுக்கும் மேல். இதோடு வரும் எரிவுலைத் திட்டம் வேண்டாம் என்று 2025-ல் வடசென்னை மக்கள் வீதிக்கு வந்து போராடினார்கள்.

என் கோரிக்கை சின்னது. மொத்தத்தையும் சலித்து முடிப்பதற்கு முன், ஒரே ஒரு இடத்தில் அடுக்கு அடுக்காகத் தோண்டிப் பதிவு செய்யவேண்டும். எந்த ஆழத்தில் என்ன, எவ்வளவு. தேதி கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, உறைகளிலேயே அச்சடித்திருக்கிறது. எந்த ஆண்டில் இருந்து பிளாஸ்டிக் கூடியது, எந்த நிறுவனங்களின் உறைகள் அதிகம், அபாயகரமான கழிவு உள்ளே வந்ததா, எல்லாம் தெரிந்துவிடும். பல்கலைக்கழகத் தொல்லியல் துறையும் வேதியியல் துறையும் சேர்ந்தால் சில மாத வேலை. அந்தக் குப்பையில் இத்தனை வருஷம் பொறுக்கிப் பிழைத்தவர்களையும் உட்காரவைத்துக் கேட்கவேண்டும், எந்தப் பக்கம் எது வந்து விழுந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இது அருங்காட்சியகத்துக்காக மட்டும் இல்லை. நகரத்தின் பாதிக் குப்பையைச் சுமந்த மக்கள் நாளைக்கு இழப்பீடோ மருத்துவ வசதியோ கேட்டு நின்றால், ஆதாரம் எங்கே என்ற கேள்வி முதலில் வரும். அந்த ஆதாரம் இப்போது சல்லடையில் ஏறிக்கொண்டிருக்கிறது.