முள் தாண்டும் ஆட்டம்: 1912 என்னும் தேதியும் 'அம்மா' என்னும் விதியும்

பிலிப்பீன்ஸ் சிறார் ஆடும் 'லுக்சோங் தினிக்' (முள் தாண்டுதல்) 1912ஆம் ஆண்டில் நுவேவா எசிஹா மாகாணத்தின் கபனத்துவான் நகரில் தோன்றியது என்று பல அறிமுகக் குறிப்புகள் கூறுகின்றன. ஒரு சிறார் ஆட்டத்துக்குப் பிறந்த ஊரும் ஆண்டும் இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதே ஐயத்தைக் கிளப்புகிறது. ஆட்டத்தின் அமைப்பையும் அக்காலப் பள்ளி வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் இத்தேதிக்கு வேறு பொருள் இருக்கலாம்.

முதலில் ஆட்டம். இருவர் எதிரெதிரே அமர்ந்து, காலை நீட்டி, உள்ளங்கால்களை ஒட்டவைக்கிறார்கள். எதிரணியினர் ஓடிவந்து அதைத் தாண்ட வேண்டும். எல்லோரும் தாண்டியதும் ஒருவர் கால்விரல்மேல் மற்றவர் குதிகால் ஏறும். பிறகு விரித்த கைகள் சாண் சாணாக அடுக்கப்படும். அதுதான் முள். உடம்போ உடையோ அதில் பட்டால் அவுட். ஆனால் ஆட்டம் உடனே கைமாறுவதில்லை. ஒவ்வோர் அணிக்கும் ஒரு 'நானாய்' உண்டு. அம்மா என்று பொருள். அணியிலேயே நன்றாகத் தாண்டக்கூடியவர் அவர். மற்றவர்கள் பிள்ளைகள். பிள்ளை தவறினால் அம்மா அவருக்காக மறுபடி தாண்டலாம். அவரும் தவறினால்தான் அணி முழுவதும் தரையில் உட்காரும் முறைக்கு வரும். வலுவில்லாத சிறுபிள்ளையையும் ஆட்டத்தில் வைத்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாட்டைப் பெரியவர்களின் விளையாட்டுகளில் காண்பது அரிது.

கருவியே வேண்டாத இத்தகைய ஆட்டங்கள் ஓர் ஊருக்கு மட்டும் உரியவை அல்ல. வங்கதேசத்தின் 'இச்சிங் பிச்சிங்' ஆட்டத்திலும் இருவர் எதிரெதிரே அமர்ந்து காலையும் கையையும் அடுக்க, மற்றவர்கள் தாண்டுகிறார்கள். புலாக்கான் மாகாணத்தில் பிறந்ததாகச் சொல்லப்படும் 'லுக்சோங் பாகா' (மாடு தாண்டுதல்) ஏறக்குறைய நம் பச்சைக்குதிரைதான்: குனிந்திருப்பவர் சுற்றுக்குச் சுற்று உயர, மற்றவர்கள் முதுகில் கையூன்றித் தாண்டுவார்கள். 1560இல் பீட்டர் பிரூகல் வரைந்த 'சிறார் விளையாட்டுகள்' ஓவியத்திலும் பையன்கள் இப்படித் தாண்டுவதைப் பார்க்கலாம். இவற்றில் எது எதற்கு மூத்தது என்று தேடுவது வீண் வேலை.

அப்படியானால் 1912 எங்கிருந்து வந்தது? 1901இல் 'தாமஸ்' என்ற கப்பலில் அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் பேஸ்பாலும் கூடைப்பந்தும் பள்ளித் திடல்களுக்கு வந்தன. சேவல் சண்டையிலிருந்து மக்களைத் திருப்பப் பேஸ்பால் உதவும் என்று ஆட்சியாளர்கள் நம்பினர். 1910இல் ஒய்.எம்.சி.ஏ.வின் எல்வுட் பிரவுன் மணிலாவுக்கு வந்தார். 1913இல் முதலாவது தூரக்கிழக்குச் சாம்பியன்ஷிப் போட்டிகள் அங்கேயே நடந்தன. விளையாட்டுக்கு விதியும் அளவும் அட்டவணையும் தரும் வேகம் உச்சத்தில் இருந்த காலத்தில்தான் 1912 விழுகிறது. தெருவில் ஏற்கெனவே ஆடப்பட்ட ஒன்று ஒரு பள்ளித் திடலுக்குள் நுழைந்த ஆண்டாக அது இருக்கலாம் என்பது என் ஊகம். பிறந்த ஆண்டு என்று அதைக் கொள்ள முகாந்திரமில்லை.

எழுத்துப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். பிலிப்பீன்ஸ் விளையாட்டுகள் பற்றி அமெரிக்க இனவியலாளர் ஸ்டூவர்ட் கியூலின் 1900இலேயே ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். உள்நாட்டிலிருந்து எழுந்த பெருமுயற்சி பிரான்சிஸ்கா ரேயஸ் அக்கினோவுடையது. புலாக்கானைச் சேர்ந்த அவர் 1926இல் பிலிப்பீன்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முதுகலை ஆய்வேடு நாட்டார் நடனங்கள், விளையாட்டுகள் இரண்டையும் பற்றியது. பின்னால் நடந்தது கவனிக்கத்தக்கது. நடனம் மேடை ஏறியது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பயானிஹான் நடனக் குழு ஆடிய தினிக்ளிங் உலகப் புகழ் பெற்றது. மூங்கில் கழிகளுக்கிடையே கால் மாற்றித் தாவும் அதுவும் தாவல்தான், ஆனால் பார்வையாளர் கிடைத்த தாவல். அக்கினோவுக்கு 1962இல் மகசேசே விருதும், 1973இல் தேசியக் கலைஞர் பட்டமும் வந்தன. விளையாட்டுகளுக்கு இப்படியொரு மேடை அமையவில்லை. மெல்லி லியாண்டிச்சோ லோபெஸின் விரிவான ஆய்வு நூல் அவற்றுக்கு உரிய இடத்தைத் தர முயன்றது.

இதற்கிடையே சிறுமியர் காத்திருக்கவில்லை. தையல்காரர் பயன்படுத்தும் எலாஸ்டிக் நாடாவை இருவர் பிடித்துக்கொள்ள, 'சைனீஸ் கார்ட்டர்' ஆட்டம் பரவியது. கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள், தலை என்று நாடா உயரும். எட்டாத உயரத்தில் கரணம் போட்டுக் காலால் நாடாவைத் தொட்டு இழுப்பதும் செல்லும். கையும் காலும் அடுக்கிய முள் போய்க் கடைச்சரக்கு வந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்காக மறுபடி தாண்டும் அம்மா அப்படியே இருக்கிறார். யார் முதலில் தாண்டுவது என்று தீர்மானிக்கும் 'ஜாக் என் போய்' (கல், காகிதம், கத்தரிக்கோல்) ஜப்பானியரின் 'ஜான் கென் போன்' விளையாட்டின் மறுவடிவம். வெளியிலிருந்து வந்த பொருளையும் முறையையும் ஏற்றுக்கொண்ட சிறார் அம்மா விதியைக் கைவிடவில்லை.

முள் தாண்டும் ஆட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பின்தொடர வேண்டியது அந்த விதியைத்தான். 1912ஐச் சொல்லும் அக்கால ஆவணம் ஒன்றைக் காட்டும்வரை, அதைத் தோற்ற ஆண்டு என்று பாடநூல்களில் அச்சிடுவது தவறு.