அணைந்தும் நிற்கும் விளக்குகள்

தெருவோரத்தில் எரியாது நிற்கும் பழைய விளக்குக் கம்பத்தை நாம் பொருட்படுத்துவதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அத்தகைய கம்பங்கள் சில இன்றும் பேணப்பட்டு நிற்கின்றன.

ஷெஃபீல்டு குன்றுகளின் மீது எழுந்த நகரம். அதன் மேடுபள்ளமான தெருக்களின் அடியில் ஓடும் சாக்கடைகளில் நச்சுவாயு தேங்கிற்று. அதனை அகற்றவே, வெப் என்பார் வடிவமைத்த 84 விளக்குகள் 1914 முதல் 1935 வரை அங்கு நாட்டப்பெற்றன.

சாக்கடை வாயுவே இவற்றில் ஒளி தந்தது என்று கருதுவோர் பலர். உண்மை வேறு. நகருக்கு வழங்கப்பட்ட நிலக்கரி வாயுவால் சுடர் எரிந்தது. அதன் வெப்பம், உள்ளீடற்ற கம்பத்தின் வழியே கீழிருந்த நச்சுவாயுவை மேலே இழுத்து எரித்தழித்தது.

வழிநடந்தோர் கண்டது ஒளியை மட்டுமே. தம் காலடியில் நிகழ்ந்த காவலை அன்று. பழங்கம்பம் ஒன்றைக் காணும்போது, அதன் உச்சியை நோக்குவதோடு அமையாது, அடியில் அது ஆற்றிய பணியையும் நாம் வினவுவோமாக.