மண்வழியே சென்ற விமானம்

திருவெறும்பூரில் எறும்பீசுவரர் கோயில் கொண்டுள்ள குன்றின் அருகே திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலை செல்கிறது. கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து புறப்படும் நீண்ட பாரவண்டிகள் அச்சாலையில் மெல்ல ஊர்ந்து செல்வதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். ஒருநாள் அத்தகைய வண்டியொன்றை என்னுடன் நின்று பார்த்த என் பேரன், "தாத்தா, விமானத்தையும் இப்படி லாரியில் ஏற்றிச் செல்வார்களா?" என்று வினவினான். "ஏற்றிச் செல்வதுண்டு" என்றேன். "பறக்கத் தெரிந்ததை எதற்காகச் சுமந்து செல்ல வேண்டும்?" என்றான். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். எனினும் அக்கேள்விக்கு உடனே விடை கூற எனக்கு இயலவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்துக் கூறிய விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

விமானத்தின் வரலாறே சுமந்து செல்வதில்தான் தொடங்குகிறது. ரைட் சகோதரர்கள் தங்கள் முதல் விமானத்தின் உறுப்புகளை அமெரிக்காவில் டேட்டன் நகரிலிருந்த தங்கள் சைக்கிள் பட்டறையில் செய்தார்கள். அவற்றைப் பெட்டிகளில் அடைத்து, ரயிலிலும் படகிலும் ஏற்றி, கிட்டி ஹாக் என்னும் கடற்கரைச் சிற்றூருக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே ஒரு கொட்டகையில் பூட்டினார்கள். 1903 டிசம்பர் 17 அன்று அது முதன்முதலாகப் பறந்தது 12 வினாடிகள். கடந்த தொலைவு 120 அடி. அந்த 120 அடிக்காக அது மண்ணிலும் நீரிலும் கடந்து வந்த வழியோ பல நூறு மைல்.

அவ்வாறு சுமந்து செல்வதில் நேரும் துன்பத்தையும் அவர்களே முதலில் அறிந்தார்கள். பிரான்ஸ் நாட்டில் பறந்து காட்டுவதற்காக 1907-இல் அனுப்பப்பட்ட விமானம் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பெட்டிகளிலேயே கிடந்தது. 1908 ஜூன் மாதத்தில் மூத்தவர் வில்பர் லெ மான்ஸ் நகரில் அப்பெட்டிகளைத் திறந்தார். இறக்கையின் விலாச் சட்டங்கள் பல முறிந்திருந்தன, துணி கிழிந்திருந்தது. தம்பி ஆர்வில் ஒழுங்காக அடுக்கவில்லை என்று கருதி, அவருக்குக் கடுமையானதொரு கடிதம் எழுதிவிட்டார். உண்மையில் குற்றம் தம்பியுடையது அன்று. சுங்கச் சோதனையின்போது பெட்டிகளைத் திறந்தவர்கள் மீண்டும் ஏனோதானோவென்று அடைத்துவிட்டனர். உயிருக்குயிரான சகோதரர்களிடையே, அடுக்கத் தெரியாத கைகளால் மனத்தாங்கல் விளைந்தது. வில்பர் பல வாரங்கள் உழைத்து விமானத்தைச் செப்பனிட்டு, ஆகஸ்ட் 8 அன்றுதான் பறக்க முடிந்தது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஆன்ரி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களுடன் பறந்து, யமுனைக்கு அப்பாலுள்ள நைனியில் இறங்கினார். வான்வழி அஞ்சலின் தொடக்கமாக அதைப் போற்றுகிறோம். அவருடைய ஹம்பர் விமானம் இந்தியாவுக்குப் பறந்து வந்ததன்று. பிரித்தெடுத்த உறுப்புகளாகக் கப்பலில் வந்து, அலகாபாத்தில் பூட்டப்பட்டது. ஓட்டியவரின் பெயரை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பெட்டிகளை ஏற்றி இறக்கியவர்களின் பெயர்களை நாம் அறியோம்.

இக்காலத்திற்கு வருவோம். உறுப்புகளை ஒரு தொகுதியாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே ஆர்வலர்கள் பூட்டிக்கொள்ளும் சிறு விமானங்களை 'கிட்' விமானங்கள் என்பர். அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனத் தொகுதிகளிலிருந்து உருவாகிப் பறந்தவை மட்டுமே 10,000-க்கு மேற்பட்டவை. பெங்களூரில் ராஜ்ஹம்ஸ நிறுவனம் செய்த எக்ஸ்-ஏர் தொகுதிகள் வெளிநாடுகளுக்கும் சென்றன. தொகுதி எதுவும் வாங்காமல், தாமே வடிவமைத்துச் செய்தவரும் உண்டு. அமோல் யாதவ் என்னும் விமானி, மும்பையில் தம் அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் ஆறு பேர் அமரத்தக்க விமானம் ஒன்றை உருவாக்கினார். அதைப் பகுதிகளாகப் பிரித்துக் கீழே இறக்கி, 2016 பிப்ரவரியில் ஒரு கண்காட்சியில் வைத்தார். அந்த விமானம் 2020-இல் பறந்ததோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள துலே நகரில். பறக்க அனுமதி பெறாத விமானம் அங்கே போய்ச் சேர மண்வழியன்றி வேறு வழி ஏது? என் பேரனின் கேள்விக்கு விடை இதுதான். கட்டிய இடத்தில் ஓடுதளம் இராது. ஓடுதளம் உள்ள இடத்திற்குப் பறந்து செல்ல உரிமை இராது.

இனி, அதை எவ்வாறு ஏற்றுவது என்று பார்ப்போம். இறக்கைகளைப் பரப்பி நின்றால் எட்டு, ஒன்பது மீட்டர் அகலம் வரும். நம் சாலை விதிகளின்படி வண்டியின் அகலமோ 2.6 மீட்டருக்கு மேற்படலாகாது. ஆகவே முதலில் இறக்கைகளைக் கழற்ற வேண்டும். எரிபொருளை வடித்துவிட வேண்டும். மின்கலத்தின் இணைப்பை நீக்க வேண்டும். இறக்கைகளை, முன்விளிம்பு கீழே இருக்குமாறு, மெத்தையிட்ட தாங்கிகளில் நிறுத்துவர். கயிற்றை மெல்லிய தகட்டின்மேல் இறுக்காமல், உறுதியான சட்டம் உள்ள இடத்தில் கட்டுவர். வாலிலும் இறக்கையிலும் அசையும் மடல்களைப் பூட்டிவிடுவர். இல்லையேல் லாரியின் வேகத்தில் எழும் காற்றே அவற்றை அடித்து உடைத்துவிடும். பெருங்குலுக்கலைவிடச் சிறு உராய்வு கொடியது. கட்டுத் தளர்ந்த ஓரிடம் நாள் முழுதும் தேய்ந்தால் தகடே துளைபடும். எனவே ஓட்டுநர் அடிக்கடி வண்டியை நிறுத்திக் கட்டுகளைச் சோதிக்க வேண்டும்.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் தனித்தனிப் பையில் இடப்பட்டு, அது எவ்விடத்தது என்னும் சீட்டுடன் செல்ல வேண்டும். மீண்டும் பூட்டும்போது இறக்கை மடல்களுக்குச் செல்லும் கம்பிகள் இடம் மாறினால், விமானி இடப்புறம் சாய்க்க விமானம் வலப்புறம் சாயும். தரையில் நின்று ஒரு நிமிடம் அசைத்துப் பார்த்தால் அப்பிழை வெளிப்பட்டுவிடும். பார்க்காமல் மேலே சென்றவருக்கோ திருத்திக்கொள்ள நேரம் கிடைப்பது அரிது.

பிரிப்பவன், பூட்டப் போகிறவனை மனத்தில் வைத்துப் பிரிக்க வேண்டும். அவ்விருவரும் ஒருவரே ஆயினும் சீட்டு எழுதத் தவறலாகாது. நினைவு ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது. இதையெல்லாம் கேட்ட என் பேரன், மறுநாள் தன் பழைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான். அருகே ஒரு தாளும் பென்சிலும் இருக்கக் கண்டேன்.