ஏழைக் குழந்தையின் நெஞ்சும் எக்ஸ்ரே நிழலும்

1979 ஆம் ஆண்டு என் தம்பி ஒரு சதக் காசொன்றை விழுங்கிவிட்டான். அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பத்து. ஹாலிஎல தோட்டத்து லயத்திலிருந்து அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எக்ஸ்ரே படத்தை வைத்தியர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் தேடியது இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. நமது ஒரு சதம் 1963 முதல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் கதிர்களை அதிகம் தடுப்பதில்லை. நிழல் மங்கலாகவே விழும். இதை நான் அறிந்தது வெகுகாலத்தின் பின்னர். காசு மறுநாள் தானாகவே வெளியேறிற்று.

ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். மறு ஆண்டே கிளாஸ்கோ நகரில் ஜோன் மக்கின்டயர் என்னும் வைத்தியர், ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கிய அரைப்பென்னிக் காசைப் படம் பிடித்துக் காட்டினார். கத்தி வைக்காமலே உள்ளே பார்க்க முடிந்தது. ஆனால், பார்ப்பது வேறு, பார்த்ததைப் புரிந்துகொள்வது வேறு. இந்த இடத்தில்தான் வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதை தொடங்குகின்றது.

நெஞ்செலும்பின் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. கைக்குழந்தைகளில் அது பெரிதாயிருக்கும். வளர வளரச் சுருங்கும். நோயும் பட்டினியும் வாட்டினால் விரைவாகச் சுருங்கிவிடும். அக்காலத்தில் பிரேத பரிசோதனை மேசைக்கு வந்த உடல்களிற் பெரும்பாலானவை நீண்ட நாள் நோயில் மடிந்த ஏழைகளுடையவை. அவர்களின் சுருங்கிய தைமஸே இயல்பானது என வைத்திய உலகம் எண்ணிக்கொண்டது. தூக்கத்தில் திடீரென இறந்த, நன்கு ஊட்டம் பெற்றிருந்த குழந்தைகளின் தைமஸ் பெரிதாயிருக்கக் கண்டபோது, அதுவே மூச்சை அடைத்துக் கொன்றது என்று முடிவு கட்டினர்.

பின்னர் எக்ஸ்ரே வந்தது. உயிருள்ள குழந்தையின் நெஞ்சிலும் அந்த 'வீங்கிய' நிழல் தெரிந்தது. 1907 இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஃப்ரீட்லாண்டர் என்பவர் கதிர் செலுத்தி அதைச் சுருக்கிக் காட்டினார். அதைத் தொடர்ந்து, ஆரோக்கியமான குழந்தைகள் ஆயிரக்கணக்கானோருக்கு, வருமுன் காப்பதாக எண்ணி, கழுத்தருகே கதிர் பாய்ச்சினார்கள். நியூயோர்க் குழந்தை வைத்தியர் ஜோன் காஃபி இந்த நிழல் இயல்பானதே என்று வாதாடினார். குழந்தைகளின் எக்ஸ்ரே பற்றிய அவரது பெருநூல் 1945 இல் வெளிவந்தது. 1950 இல் டஃபி, ஃபிட்ஸ்ஜெரல்ட் என்ற இரு வைத்தியர்கள் தைரொயிட் புற்றுநோய் கண்ட 28 பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் சிசுப்பருவத்தில் தைமஸுக்குக் கதிர் பெற்றவர்கள் எனத் தெரியவந்தது.

கருவி பொய் சொல்லவில்லை. எது இயல்பு என்று கணித்த அளவுகோலே பிழை. அது வறுமையின் உடலிலிருந்து எடுத்த அளவுகோல். தோட்டத்துப் பிள்ளையான எனக்கு இக்கதை வேறுவிதமாக உறைக்கின்றது. 2016 ஆம் ஆண்டு இலங்கைக் குடிசன, சுகாதார ஆய்வின்படி வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். "தோட்டத்துப் பிள்ளைகள் இயல்பாகவே குட்டையானவர்கள்தானே" என்று படித்த ஒருவரே என்னிடம் சொன்னதுண்டு.

எக்ஸ்ரேயைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நிமோனியாவையும் காசத்தையும் காட்டிக்கொடுத்து அது காத்த உயிர்கள் ஏராளம். சீ.டி. ஸ்கேனின் கதிரளவுதான் சாதாரண எக்ஸ்ரேயை விடப் பன்மடங்கு. 2012 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடுக்கும் 10,000 தலை ஸ்கேன்களுக்கு, அடுத்த பத்தாண்டுகளில் மேலதிகமாக ஒரு இரத்தப் புற்றுநோயும் ஒரு மூளைக் கட்டியும் ஏற்படலாம் எனக் கணித்தது. சிறிய ஆபத்துத்தான், தேவையுள்ள பிள்ளைக்கு அதை ஏற்கலாம்.

கடந்த வருடம் தம்பியின் பேரன் கட்டிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டான். ஸ்கேன் எடுங்கள் என்று தம்பி மன்றாடினான். இளம் வைத்தியர் மறுத்து, பிள்ளையைச் சில மணித்தியாலம் கண்காணித்தார். மாலையில் அவன் பாட்டியிடம் பிஸ்கட் கேட்டு அழுதான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.