கற்பிட்டிச் சல்லி

நெதர்லாந்தின் சீலாந்து மாகாணத்து நாணயச்சாலையில் பிறந்த செப்புக்காசு அது. எடை சுமார் 3 கிராம். ஒரு பக்கம் கிரீடம் சூடிய கேடயம். அதற்குள் அலைகளிலிருந்து பாதியுடலோடு எழும் சிங்கம். மறுபக்கம் பெரிய 'வீ' எழுத்து, அதன் இரு கைகளையும் வெட்டிச் செல்லும் 'ஓ'வும் 'சி'யும், கீழே ஆண்டு. ஒல்லாந்தர் அதை டொயிட் என்றார்கள். இலங்கையில் அது சல்லி.

அந்த எழுத்து இலச்சினை அழகுக்காகப் பொறித்ததல்ல. நெதர்லாந்தில் 8 டொயிட்டுக்கு ஸ்டைவர் என்ற காசு ஒன்று. ஆசியாவில் 4 டொயிட்டுக்கே ஒரு ஸ்டைவர். கப்பலாட்கள் சும்மா இருப்பார்களா? சாதாரண டொயிட்டுகளைக் கடத்திவந்து இரட்டிப்பு லாபம் பார்த்தார்கள். அதைத் தடுக்கவே 1726 முதல் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி தன் பெயரின் முதலெழுத்துகளைக் காசில் பொறித்தது.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, மாதக்கணக்கில் கடலில் கிடந்து, காசு இலங்கைக்கு வந்தது. கற்பிட்டியில் 1667இல் தொடங்கி 1676இல் கட்டிமுடித்த கோட்டை, புத்தளம் களப்பின் வாயைக் காத்து நின்றது. கண்டி அரசரின் பாக்கு வணிகம் களப்பு வழியே கைநழுவிப் போகக்கூடாது என்பதே கம்பனியின் கவலை. காசு அங்கே கைமாறித் தேய்ந்தது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகும் சில காலம் சல்லி செல்லுபடியானது. செல்லாமற்போன காசுகளில் பல மண்ணுக்குள் போயின.

மீண்டும் வெளிவரும் சல்லிக்கு இன்று வேறொரு கணக்கு. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தம் நாட்டுப் பழைய செப்பு சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 70ஆம் தரக் காசு, 1ஆம் தரக் காசைப்போல் 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் எண்ணம். விலைக் கணக்கு பொய்த்தது, அளவுகோல் நிலைத்தது. 1986இல் பீசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனங்கள் தொடங்கி, தரமிட்ட காசைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரலாயின. அச்சிட்டபின் புழங்காத காசுக்கே 60உம் அதற்கு மேலும். 'வெரி ஃபைன்' என்ற தரம் 20இலிருந்து 35 வரை. உருவம் மட்டும் தெரிந்தால் 4.

நம் சல்லியை உருப்பெருக்கியின் கீழ், விளக்கொளி பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். மேடான இடங்கள்தான் முதலில் தேயும்: கிரீடத்தின் முத்துகள், சிங்கத்தின் தலை, எழுத்துகள் ஒன்றையொன்று வெட்டும் முடிச்சு. ஆண்டின் கடைசி இலக்கம் மழுங்கியிருக்கும். தேய்மானத்தால் மழுங்கியதா, அச்சு சரியாக விழவில்லையா என்று பிரித்தறிவதுதான் தரமிடுபவரின் திறமை. தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும்; அச்சு விழாத இடத்தில் தகட்டின் ஆதிச் சொரசொரப்பு மிச்சமிருக்கும்.

கடலோர மண் இன்னொரு வேலையும் செய்கிறது. உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்துவிட்டால், ஈரம் படும்போதெல்லாம் காசைத் தின்றுகொண்டே போகும். வெளிர்பச்சைத் தூள் அதன் அடையாளம். இத்தகைய காசுக்கு அந்த நிறுவனங்கள் எண் தருவதில்லை. குறையின் பெயரோடு 'டீட்டெய்ல்ஸ்' என்று எழுதி அனுப்புவார்கள். குத்துவிளக்கு மினுக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்த காசுக்கும் அதே கதி. இருநூறு ஆண்டுகளில் படிந்த பழுப்புத்தோல் போய், வெறுஞ்செம்பும் நுண்கீறல்களும் தெரியும். அதை மீட்க வழியே இல்லை.

இந்த அளவுகோலில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அது காசின் மேனியை நேர்மையாக அளக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூட்டையைவிட்டு வெளியே வராத காசுக்கு 65, கற்பிட்டியில் மீனும் துணியும் வாங்கித் தேய்ந்த காசுக்கு 8. நம் கரையின் வரலாற்றுக்கு அந்த 8தான் சாட்சி. எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பும் சேர்ந்தால் அதன் மதிப்புக்கு எண்ணே போதாது.

மண்ணில் கிடைக்கும் இத்தகைய பழம்பொருளைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் இலங்கையில் தொல்பொருள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆகவே உங்கள் வளவில் பச்சைக்காசு ஒன்று தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். உலர்ந்த கடதாசியில் மடித்து, கிடைத்த இடத்தை எழுதிவைத்து, தொல்பொருளியல் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள்.